அம்புக்குறி நகராவிட்டால் கணக்கு போய்விடாது

இன்றைய பில்களைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டாலும், பழைய பற்று வரவைப் பார்ப்பதற்காக விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துப் பெட்டியை ஒரு மூலையில் வைத்திருக்கும் கடைகள் நம்மிடையே இன்னும் உண்டு. ஒரு நாள் திரையில் அம்புக்குறி நகராது. "பெட்டி போய்விட்டது" என்று முடிவு கட்டி, உள்ளே இருக்கும் கணக்கோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடுபவர்களும் உண்டு. போனது பெரும்பாலும் மவுஸ்தான். தராசு முள் சிக்கிக்கொண்டால் தராசையே எறிந்துவிடுவோமா?

முதலில் செய்ய வேண்டியது

மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு கெட்டுப்போகலாம். கீ-போர்டு வேலை செய்யும்வரை கவலையில்லை. கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான புரோகிராம்களில் சேமிப்பாகும். ஆல்ட்டும் எஃப்4-ம் அழுத்தினால் புரோகிராம் மூடும். கண்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்தினால் ஸ்டார்ட் பட்டியல் வரும். அதன் வழியே முறையாக அணைக்கலாம். டேலி கணக்குக்கோ மவுஸே தேவையில்லை.

பிளக்கைப் பாருங்கள்

பழைய மவுஸின் பிளக் வட்டமானது. 6 ஊசி கொண்டது. மவுஸுக்குப் பச்சை, கீ-போர்டுக்கு ஊதா என்று நிறம் இருக்கும். இரண்டும் ஒரே வடிவம் என்பதால் இடம் மாறிச் செருகப்படுவதும் உண்டு. இந்தப் பிளக்கைப் பெட்டி ஓடும்போது பிடுங்குவதோ செருகுவதோ கூடாது; உள்ளே இருக்கும் போர்டே பழுதாகலாம். அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட்டால்தான் கம்ப்யூட்டர் மவுஸை அடையாளம் காணும். கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் ஊசிகளில் களிம்பு ஏறுவதுண்டு. ஊசி வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கத்துக் கடை மவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் பெட்டியில் குறையில்லை. இந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது.

உருண்டை மவுஸைத் துடைக்கும் முறை

அம்புக்குறி தத்தித் தத்திப் போனாலோ, மேலும் கீழும் போய்ப் பக்கவாட்டில் போகாவிட்டாலோ, காரணம் அழுக்குதான். மவுஸைக் கவிழ்த்து, வளையத்தை அதில் போட்டுள்ள அம்பு காட்டும் பக்கம் திருப்பினால் உருண்டை வெளியே வரும். உள்ளே மூன்று சிறு உருளைகள் இருக்கும். ஒன்று மேல்-கீழ் அசைவையும், ஒன்று பக்கவாட்டு அசைவையும் அளக்கும். மூன்றாவது உருண்டையை அழுத்திப் பிடிக்கும். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் மளிகைக் கடையில் இவற்றின் மேல் அழுக்கு வளையம் போலப் படியும். பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். உருண்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே போட வேண்டும்.

சிவப்பு விளக்கு எரியும் மவுஸில் உருண்டை இல்லை. அதைக் கண்ணாடி மேசையில் வைத்தால் தடுமாறும். கீழே ஒரு தாள் வைத்தால் போதும். பட்டன் தேய்ந்திருந்தாலோ, ஒயர் உள்ளே அறுந்திருந்தாலோ வேறு மவுஸ் வாங்குவதே லாபம்.

கணக்கை வெளியே எடுங்கள்

மவுஸ் சரியானதும் பழைய கணக்கைப் பிரதி எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். முக்கியமான பேரேடுகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் காலம் நீளலாம். வர வேண்டிய பாக்கிக்கும் அந்தப் பேரேடுதான் சாட்சி. பெட்டியை விற்பதானாலும் கணக்கை எடுத்துவிட்டு விற்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.