கோயம்பேடு: ஒரு சாலையோரச் சிற்றூரின் பெயரும் அதன் பொருள்மாற்றமும்

சென்னையின் மேற்குப் பகுதியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையும் நூறடிச் சாலை எனப்படும் உள்வட்டச் சாலையும் குறுக்கிடும் இடத்தை அடுத்துள்ளது கோயம்பேடு. இன்று அங்காடியாலும் பேருந்து நிலையத்தாலும் அறியப்படும் இப்பெயர், முன்னர்க் குறுங்காலீசுவரர் கோயிலையும் வைகுண்டவாசப் பெருமாள் கோயிலையும் கொண்ட சிற்றூரை மட்டுமே குறித்தது. பெயரின் தோற்றம் பற்றி வழங்கும் விளக்கத்தையும், அதன் சுட்டுப்பொருள் மாறிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இராமனின் வேள்விக் குதிரையை இலவனும் குசனும் இங்குக் கட்டிவைத்தனர் என்பது தலவரலாறு. அதற்கேற்பக் கோ (அரசன்), அயம் (குதிரை), பேடு (கட்டுதல்) எனப் பெயர் பகுக்கப்படுகிறது. இப்பகுப்பின் வலுவை இவ்வூரை மட்டும் கொண்டு அளவிட இயலாது. சிறுவாபுரி எனவும் வழங்கும் சின்னம்பேட்டிலும் இதே இலவகுசர் கதை உண்டு. அங்கோ, ‘சிறுவர் அம்பு எடு’ என்னும் தொடரே ஊர்ப்பெயராகத் திரிந்தது என்பர். கதை ஒன்று, பெயரின் ஈறும் ஒன்று; எனினும் ஓரூரில் அவ்வீறு கட்டுதலைக் குறிக்கிறது, மற்றோரூரில் ‘அம்பு + எடு’ என உடைகிறது. திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள மப்பேட்டையும் உடன்வைத்து நோக்கினால் ஐயம் வலுக்கிறது. அவ்வூர்ச் சிங்கீசுவரர் கோயிலின் தலவரலாறு நந்தியின் மத்தள இசையைப் பற்றியது; அதில் குதிரைக்கும் அம்புக்கும் இடமில்லை. எனவே, பேடு என்பதைத் தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்ப் பொதுக்கூறாகக் கொள்வதே பொருத்தம்.

திருப்புகழில் அருணகிரிநாதர் இவ்வூரைக் கோசைநகர் எனச் சுட்டுகிறார். இதனைக் குசனோடு இணைக்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும், வாயில் வாசல் என வழங்குவதுபோல யகரம் சகரமாதல் தமிழில் உண்டு. கோயம்புத்தூர் கோவையாவது போலப் பின்னொட்டு நீங்கி ஐகாரம் ஏற்கும் மரூஉவும் உண்டு. கோசை என்னும் வடிவத்திற்கு இவ்விரண்டுமே போதும். கதை பெயரைத் தந்தது என்பதைவிட, பெயரின் ஒலி கதையை ஈர்த்தது என்பதே ஏற்புடையது.

சுட்டுப்பொருள் மாற்றம் மிக அண்மைக் காலத்தது. கொத்தவால் சாவடியின் மொத்த வணிகம் 1996இல் இங்குப் பெயர்ந்தது. 2002இல் புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. 2015இல் சென்னையின் முதல் மெட்ரோ இரயில் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது. சாலைச் சந்திப்பே இம்மூன்றையும் இங்கு ஈர்த்தது. விளைவாக, ‘கோயம்பேட்டில் தக்காளி விலை’ என்னும் தொடரில் ஊர் மறைந்து அங்காடி நிற்கிறது. ‘கோயம்பேட்டில் இறங்கினான்’ என்பதில் பேருந்து நிலையம் நிற்கிறது. பழைய ஊரைக் குறிக்கவே இன்று ‘கோயம்பேடு சிவன் கோயில்’ என அடைமொழி தேவைப்படுகிறது. முழுமைக்குரிய பெயர் பகுதிக்கு வழங்குவதை இலக்கணிகள் முதலாகுபெயர் என்பர். இங்கோ அப்பகுதி மூலப்பொருளையே ஓரத்திற்குத் தள்ளிவிட்டது.

பேருந்து நிலையத்திற்குப் பின்னர் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டபோதும் பேச்சுவழக்கு மாறவில்லை. 2023 திசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டதை அடுத்துத் தென்மாவட்டப் பேருந்துகள் அங்குச் சென்றன. அதற்கும் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்பதே அரசு வழங்கிய பெயர். பயணிகள் நாவில் அது கிளாம்பாக்கம்.