சொன்னால் என்ன கிடைக்கும்?

அன்புள்ள மலர்விழிக்கு,

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளைக் கருப்பை இறக்கத்துக்கென்று ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. சர்க்கரை நோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் ஊரெல்லாம் பதாகை இருக்கிறது. இதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எளிதில் அகப்படாது. ஆனால் நீ அனுப்பிய திட்டக் குறிப்பின் அடிப்படையோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெண்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை, வெட்கத்தைப் போக்கினால் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டால் குணமாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். மேடை, வீதி நாடகம், முழக்கம் எல்லாம் அந்த வெட்கத்தை விரட்டத்தான். எனக்கென்னவோ இந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது. சொல்லி ஒரு பயனும் இல்லாத இடத்தில் சொல்லாமல் இருப்பதுதான் விவேகம். அந்தப் பெண்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். நாம் அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்து, பழியை அவர்கள் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். உன் குறிப்பைப் படித்தால் இது கருப்பையோடு முடிந்துவிடும் சங்கதி போலத் தெரிகிறது. அப்படியல்ல. இடுப்பெலும்புக் குழியின் அடியில் விரிந்திருக்கும் தசைகளும், பக்கங்களில் பற்றியிருக்கும் இணைப்பு நார்களும் சேர்ந்து, உத்தரத்தில் கட்டிய தூளி போல, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. துணி கிழிந்தாலும் கயிறு தளர்ந்தாலும் உள்ளே இருப்பது தாழும். சிலருக்கு முன்பக்கம் சிறுநீர்ப்பை இறங்கும், சிலருக்குப் பின்பக்கம் மலக்குடல் பிதுங்கும், சிலருக்குக் கருப்பையே வாசல்வரை வந்துவிடும். காலையில் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாயச் சாய அடிவயிறு கனக்கும், ஏதோ உருண்டையாகத் தட்டுப்படும், படுத்தால் உள்ளே போய்விடும். சிறுநீர் முழுதும் பிரியாமல் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தசை கிழிவதற்கு முதற்காரணம் பிறப்புவழிப் பிரசவம். கருப்பை வாய் முழுதாகத் திறப்பதற்குள் முக்கச் சொல்வது, குழந்தை பெரிதாக இருப்பது, ஆயுதம் போட்டு எடுப்பது எல்லாம் கிழிசலைக் கூட்டும். பிறகு பிரசவப் புண் ஆறுமுன் தூக்கும் பாரம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி. பிறவியிலேயே நார்கள் பலவீனமாக இருந்தால் பிள்ளை பெறாதவர்களுக்கும் வரும். உயிரை வாங்கும் நோயல்ல, புற்றுநோயும் அல்ல. ஒருத்தி இதை இருபது வருஷம் சுமந்துகொண்டே களை பறிக்க முடிவதும், அவளைப் பற்றி யாரும் பதறாமல் இருப்பதும் அதனால்தான்.

இனி வெட்கத்துக்கு வருவோம். மருத்துவர் ராணி பங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவுகளை 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு பெண் நோய் இருந்தது. பெரும்பாலும் தொற்றுகளும் மாதவிடாய்க் கோளாறுகளும்தான்; அது இறக்கத்துக்கென்று நடந்த ஆய்வல்ல. நான் பார்க்கச் சொல்வது இன்னொரு எண்ணை. அதற்கு முன் ஒரு முறையாவது பெண் நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. வெட்கம்தான் தடை என்றால், ஒரு பெண் மருத்துவர் ஊருக்குள் வந்து உட்கார்ந்ததும் அத்தனை பேர் எப்படி வந்தார்கள்? வெட்கம் இருந்தது, சந்தேகமில்லை. வாய்ப்பு வந்ததும் அது வழிவிட்டது. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அங்கே 1981இல் தொடங்கப்பட்ட கிராமப்புறப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்த டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தோழிகளும் கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடமே அவர்கள் அனுபவத்தைக் கேட்டு, 1999இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கேட்பவர் தங்களில் ஒருத்தி என்று தெரிந்தபோது சொல்வதற்குப் பெண்கள் இருந்தார்கள்.

சொல்வதால் பயன் இல்லை என்பது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் நட்டம் இருக்கிறது. கணவன் ஒதுக்கலாம், மாமியார் வேலைக்கு ஆகாதவள் என்று சொல்லலாம், கூலி போகலாம். வரவு சுழியம், செலவு இவ்வளவு என்றால் யார் வாய் திறப்பார்கள்? நேபாளத்தில் இதை முழு அளவில் பார்க்கலாம். அங்கே சுமார் 6 லட்சம் பெண்களுக்கு இந்த இறக்கம் இருக்கலாம் என்றும், 2 லட்சம் பேருக்கு உடனடி அறுவை தேவை என்றும் 2006இல் மதிப்பிடப்பட்டது. மலைக் கிராமங்களில் சிறு வயதுத் திருமணம், பிரசவித்த சில நாளிலேயே விறகும் புல்லும் சுமப்பது, வீட்டில் மறுப்புச் சொல்ல முடியாத நிலை எல்லாம் சேர்ந்து இருபதுகளில் இருக்கும் பெண்களையே தாக்கின. பிரகாஷ் மணி சர்மா என்ற வழக்கறிஞரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு தீர்ப்புத் தந்தது. இத்தனை பெண்கள் இந்த நிலையில் இருப்பது அவர்களுடைய இனப்பெருக்க நல உரிமையை மீறுவதாகும் என்றது. பெண்களின் வெட்கத்தைப் பற்றிப் பேசாமல் அரசின் கடமையைப் பற்றிப் பேசிய தீர்ப்பு அது. அரசு இலவச அறுவைக்கு ஏற்பாடு செய்தது. ஆனால் வேரில் கிடக்கும் பாகுபாட்டையும் தடுப்பையும் அரசு கவனிக்கவில்லை என்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2014இல் குறை சொன்னது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் அதே விறகுக் கட்டைத்தானே தூக்கப்போகிறாள்.

சரி, சொன்னால் உண்மையில் என்ன கிடைக்கும்? இதை நீ துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி. வாயுவை அடக்குவதுபோலத் தசைகளை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்துத் தளர்த்துவது; ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிப் பரவிய முறை. கேட்டால் இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று தோன்றும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 447 பெண்களைக் கொண்டு நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், இயன்முறை மருத்துவரிடம் தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓராண்டு முடிவில் தொல்லை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பயிற்சி, வெளியே வந்துவிட்ட கருப்பையை மேலே ஏற்றாது. அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. அடுத்தது வளையம். சிலிக்கனில் செய்தது, அளவு பார்த்து உள்ளே வைத்தால் இறங்கியதைத் தாங்கும். பழங்கால கிரேக்க மருத்துவர்கள் மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி வைத்துப் பார்த்தார்கள் என்றால் யோசனை எவ்வளவு பழையது பார். வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும், மறந்துவிட்டால் புண்ணாகும். நெதர்லாந்தில் 440 பெண்களை இரண்டாண்டு தொடர்ந்து, 2022இல் வெளியான ஆய்வில், வளையத்தில் தொடங்கியவர்களில் 76 விழுக்காட்டினரும் அறுவையில் தொடங்கியவர்களில் 81 விழுக்காட்டினரும் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் வளையக்காரர்களில் பாதிக்கு மேல் இடையிலேயே அறுவைக்கு மாறியிருந்தார்கள். ஆகவே இரண்டும் சமம் என்று சொல்ல முடியாது. கத்திக்கு முன் முயன்று பார்க்கத் தக்கது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழும். தூங்குகிற நோயை எழுப்பிவிட்டு, பெண்களைக் கத்திக்குக் கீழே தள்ளப் போகிறீர்களா என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தபோது சுமார் 13,800 பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் வந்தவர்களைப் புற்றுநோய் என்று பயமுறுத்தி அறுத்த தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. மேலைநாடுகளில் வேறொரு கதை. தளர்ந்த இடத்தில் செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறை விளம்பரமாகப் பரவி, வலி, அரிப்பு, வலை வெளியே துருத்துவது என்று பல பெண்களை முடக்கியது. பிறப்புவழியாக வைக்கும் அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆகவே பயம் வெறும் பயம் அல்ல. ஆனால் பீட் மாவட்டத்தில் கத்தியை வரவழைத்தது அறிவு அல்லவே, அரைகுறைத் தகவல்தானே? கருப்பையை எடுத்துவிட்டால் இறக்கம் தீர்ந்தது என்று நம்பும் பெண்ணுக்குத் தாங்குகிற நார்கள் அப்படியே தளர்ந்துதான் இருக்கின்றன என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். எடுத்தபிறகும் பிறப்புவழியின் மேல்பகுதி இறங்குவது உண்டு. கருப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் அறுவைகளை மும்பையில் சிரோத்கர், புரந்தரே போன்றவர்கள் எப்போதோ வகுத்துவிட்டார்கள். பிள்ளை பெற வேண்டிய வயதிலேயே இறக்கத்தோடு வந்த பெண்களுக்காக. முகாமில் இந்தத் தெரிவுகள் எல்லாவற்றையும் வரிசையாக வைக்கும் விழிப்புணர்வு கத்தியைக் குறைக்கும், கூட்டாது.

இன்னொரு மறுப்பு உன் தோழர்களிடமிருந்தே வரலாம். அதெல்லாம் வீட்டுப் பிரசவக் காலம், இப்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவை சிசேரியன், இனி இந்த நோய் தானே ஒழிந்துவிடும் என்பார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே சிசேரியன் 44.9 விழுக்காடு, உண்மை. ஆனால் இன்று அறுபது வயதில் இருப்பவள் பிள்ளை பெற்றது நாற்பது ஆண்டுகளுக்கு முன். அவள் தசையில் விழுந்த கிழிசல் பெரும்பாலும் மாதவிடாய் நின்றபிறகுதான் தன்னைக் காட்டும். நாம் பேசுவது அவளைப் பற்றி. தவிர, சிசேரியன் அபாயத்தைக் குறைக்கும், ஒழிக்காது. இறக்கத்துக்குப் பயந்து ஊரெல்லாம் வயிற்றைக் கிழிப்பது வேறு ஆபத்துகளை விலைகொடுத்து வாங்குவது. வயதானால் எல்லாம் தளரும், இயற்கைதானே என்று சொல்கிறவர்களோடு நேரத்தை வீணாக்காதே. கண்புரையும் இயற்கைதான், அதற்கு முகாம் போட்டு வண்டி வைத்து அழைத்துப் போகிறோம்.

கடைசியாக, உன் குறிப்பில் நான் மாற்றச் சொல்வது. மேடையில் ஒலிபெருக்கி வைத்து, "யாருக்கெல்லாம் இருக்கிறது, கை தூக்குங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதே. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் போகிறார்கள். அந்த ஊருக்குப் போகிறவர்களைக் கண்டுபிடித்து, "கீழே ஏதாவது இறங்குகிறமாதிரி இருக்கிறதா? சிறுநீர் முழுசாகப் போகிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்று பேசிப் பார். ஐம்பது வயதுப் பெண்ணிடம் இருபது வயதுக்காரி கேட்பதைவிட, அக்கா என்று அழைத்துப் பழகியவர் கேட்பது எடுபடும். ஆண் மாணவர்களை ஒதுக்கிவிடாதே. வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது யார், பிரசவித்தவளுக்கு எத்தனை வாரம் ஓய்வு என்பதை அவர்கள் ஊர் ஆண்களோடு உட்கார்ந்து பேசட்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே தாலுகா மருத்துவமனைக்கு ஒரு நடை போய் வா. மகப்பேறு மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார், மறைவான பரிசோதனை அறை உண்டா, வளையம் இருப்பில் இருக்கிறதா, பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்று விசாரி. ஆம் என்றால் கிழமையையும் அறை எண்ணையும் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடி. வளையம் இல்லை என்று சொன்னால் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். வரைவை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா