சட்ட ஆலோசனை: திருநங்கைக்கு அப்பாவின் சொத்தில் பங்கு உண்டா?

கேள்வி: நான் திருநங்கை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, “எனக்குத் தம்பியும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. உனக்கு இங்கே எதுவும் இல்லை” என்று சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணன் விரட்டிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் அவர் பெயரும் மட்டும்தான். அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டையும் நிலத்தையும் விற்க இப்போது அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாராம். பெண்ணாக மாறியதால் மகனுக்குரிய பங்கு எனக்கு இல்லை என்கிறார். உண்மையா? அம்மா திருட்டுத்தனமாகத்தான் போனில் பேசுகிறார். அவரைப் போய்ப் பார்க்கவாவது எனக்கு உரிமை உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். நீங்கள் இந்து என்றும், உயில் இல்லை என்றும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். முஸ்லிம் குடும்பமாக இருந்தால் மகன் பங்கும் மகள் பங்கும் வேறு வேறு. இந்தப் பதில் பொருந்தாது.

அண்ணன் சொல்வது தவறு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. உங்களை மகன் என்று வைத்தாலும் மகள் என்று வைத்தாலும் கணக்கு மாறாது. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன தீர்ப்பையும், ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் சொன்ன தீர்ப்பையும் அனுப்பியிருக்கிறீர்கள். பெரிய தீர்ப்புகள்தான். இந்த வழக்கு அவற்றை நம்பி நிற்கவில்லை.

வாரிசுச் சான்றிதழில் பெயர் விடுபட்டதாலோ பட்டா மாறியதாலோ உங்கள் உரிமை போய்விடாது.

இந்த வழக்கைத் தீர்மானிக்கப் போவது அந்தப் பதினாறாம் நாள். கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் மட்டும் குடியிருப்பதால் மற்றவர் உரிமை போகாது. ஆனால் “உனக்கு எதுவும் இல்லை” என்று முகத்துக்கு நேராக மறுத்துவிட்டு அனுபவித்து வந்தால், மறுத்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு ஓடிவிட்டது, உன் உரிமை முடிந்தது என்று அவர் வாதாட வழி கிடைக்கிறது. வெறும் வாய்ப்பேச்சு போதாது என்று எதிர்வாதம் செய்ய நமக்கும் இடமுண்டு. அதை நம்பி உட்காராதீர்கள். உங்கள் கையில் ஓராண்டுகூட முழுதாக இல்லை.

இத்தனை ஆண்டும் என்ன செய்தீர்கள்? திருநங்கையர் ஜமாத் பெரியவர்கள் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்கிறீர்கள். வீடு கைவிட்டபோது தாங்கிய மனிதர்கள் அவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தைக்காகச் சட்டத்தின் கெடு நின்று காத்திருக்காது. அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் “பார்க்கலாம்” என்று சொன்னது எதற்காக என்று இப்போதாவது யோசியுங்கள். ஒரு வக்கீல் நோட்டீஸாவது அனுப்பியிருக்க வேண்டாமா?

அடுத்தது காகிதங்கள். பழைய பெயரைப் பார்க்கவே பிடிக்காமல் பள்ளிச் சான்றிதழ்களை எரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி புரிகிறது. நீதிமன்றத்துக்கோ, அந்தப் பெயரில் பிறந்தவர்தான் நீங்கள் என்று காட்ட வேண்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டின் நகலுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றம் அரசிதழில் வந்திருந்தால் அதன் பிரதி வேண்டும். வந்திருக்காவிட்டால் அதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி உங்கள் அம்மா. வயதானவர், தாமதத்துக்கு இது இன்னொரு விலை.

அம்மாவைப் பார்க்கும் உரிமை பற்றி: திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 12, பெற்றோர் வசிக்கும் வீட்டில் வசிக்கவும், அங்கிருந்து விலக்கப்படாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. வீட்டைவிட்டு வெளியேற்றுவது அதே சட்டத்தில் குற்றம். ஆனால் அண்ணன் மேல் புகார் கொடுத்த மறுநாள் அம்மாவின் போன் நின்றுபோகலாம். எதை முதலில் செய்வது என்பதை உங்கள் வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது பாகப்பிரிவினை வழக்கு, கூடவே விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்டு மனு. சார்பதிவாளரிடம் ஆட்சேபனை மனு கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அம்மா தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதும், அப்பா உயில் பதிவு செய்திருந்தாரா என்பதும் முக்கியம். சுவாதீனத்தில் இல்லாதவர் என்பதால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டிவரும். வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆவணம் எதையும் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. சிவில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழையும், அந்தக் காரியத்தின் தேதியையும், அங்கே இருந்த சொந்தக்காரர்களின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.