புதுக் கணிப்பொறியில் ஹார்டு டிஸ்க் தெரியாவிட்டால்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குச் செல்லும்போது வீட்டில் ஒரு கணிப்பொறி இருந்தால் நல்லது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் செலவு குறையுமே என்று பெற்றோரும் யோசிப்பதுண்டு. திருத்தணியில் ரயிலேறி, அரக்கோணம் வழியே சென்னை சென்று, ரிச்சி தெருவில் கடை கடையாக விலை கேட்டுத் திரும்புவது நம் ஊரார் அறியாததன்று. எல்லாவற்றையும் பூட்டியபின் திரை ஒளிர்கிறது. ஆனால் ஹார்டு டிஸ்க் மட்டும் தெரிவதில்லை. உடனே "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அது எந்த இடத்தில் மறைந்து நிற்கிறது என்று தேடும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனை தட்டும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே! இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

நம் ஊர் மலைக்கு 365 படிகள், ஏறுவது ஒவ்வொன்றாகத்தான். இங்கு நமக்கு நான்கைந்து படிகளே உள்ளன. ஆனால் ஒன்றையும் தாண்டக் கூடாது.

முதலில் மின்சாரம். சாட்டா வகை டிஸ்க்கிற்கு இரண்டு கேபிள்கள் வேண்டும். அகலமானது 15 ஊசிகள் கொண்டது, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து மின்சாரம் கொண்டுவருவது. சிறியது 7 ஊசிகள் கொண்டது. மதர்போர்டிலிருந்து செய்தியைக் கொண்டுவருவது. இவற்றில் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை மறந்துபோவது வெகு சாதாரணம். சுழலும் தட்டுள்ள டிஸ்க்கின் மேல் கையை லேசாக வைத்துப் பார்த்தால் மெல்லிய அதிர்வு தெரியும். அதிர்வே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை என்று ஐயுறலாம். விட்டுவிட்டு "டக் டக்" என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தச் சோதனை அதற்குப் பயன்படாது.

இவ்விடத்தில் பெற்றோருக்கும் ஒரு சொல். சில எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளில் கேபிளைத் தனியே கழற்றி மாட்டலாம். வேறு கம்பெனிப் பெட்டியின் கேபிள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பெட்டியின் பக்கமுள்ள ஊசிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். அதை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் புது டிஸ்க்கே எரிந்துபோகலாம். பெட்டியோடு வந்த கேபிளையன்றி வேறெதையும் தொட வேண்டாம். கேபிளைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்வதும் நல்ல பழக்கம். உடலிலுள்ள நிலைமின்சாரம் அதனால் வெளியேறும்.

அடுத்து, சிறிய கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் வேறொரு சாட்டா துளையிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். சில மதர்போர்டுகளில் எம்.2 என்னும் நீண்ட துளையில் எஸ்.எஸ்.டி. செருகினால், சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு தாமாகவே வேலை நிறுத்திவிடும். அது பழுதன்று, அமைப்பே அப்படி. எவை நிற்கும் என்பது மதர்போர்டுடன் வரும் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எம்.2 வடிவிலேயே சாட்டா, என்.வி.எம்.ஈ. என இரு வகை உண்டு. ஒன்றை மட்டுமே ஏற்கும் துளையில் மற்றதைச் செருகினால் அது தெரியவே தெரியாது.

பிறகு பயாஸ். கணிப்பொறி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கணிப்பொறிகளில் அத்திரை வரும். அங்கே டிஸ்க்கின் பெயர் இருந்தால் கேபிள் வேலை முடிந்தது என்று மகிழலாம். இல்லையெனில், கடைக்குப் புறப்படுமுன் பக்கத்து வீட்டுக் கணிப்பொறியில் மாட்டிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் குறை டிஸ்க்கில் இல்லை. ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் தெரியாமலிருப்பது ஏன்? புது டிஸ்க் என்பது கோடு போடாத நோட்டுப் புத்தகம் போன்றது. விண்டோஸிலுள்ள டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் அதை இனிஷியலைஸ் செய்து, பகுதி பிரித்து, ஓர் எழுத்தைப் பெயராக இட்ட பின்னரே அது கண்ணில் படும். அப்போது எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என இரு முறைகள் கேட்கப்படும். ஜி.பி.டி.யே நமக்கு ஏற்றது. காரணம் கணக்கில் இருக்கிறது. எம்.பி.ஆர். முறை ஒரு கட்டத்தின் எண்ணை 32 இரும இலக்கங்களில் எழுதுகிறது. எனவே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 கட்டங்களுக்கு மேல் எண்ண அதற்கு வழியில்லை. கட்டத்துக்கு 512 பைட் எனப் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 லட்சம் கோடி பைட் வரும். நான்கு டி.பி. டிஸ்க் வாங்கியும் பாதிதான் தெரிகிறது என்று சிலர் கடைக்காரரைக் கோபிப்பது இதனால்தான்.

இதுவரை சொன்னது புது டிஸ்க்கிற்கே பொருந்தும். பழைய டிஸ்க்கை இப்படிச் செய்தால் பேரிழப்பு. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்காமார் பயன்படுத்திய அந்தக் கணினி நின்றுபோனபின், அதன் சிறிய டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கணிப்பொறியில் மாட்டலாம்; சாட்டா வகையாயின் அதே கேபிள்களே பொருந்தும். ஆனால் லினக்ஸ் எழுதிய பகுதியை விண்டோஸால் படிக்க இயலாது. படிக்க இயலாததைச் சில வேளை வெற்றிடமாகக் கருதி, "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று அது கேட்கும். தாத்தாவின் கடைசிப் படங்களும் அக்காவின் புராஜெக்டும் அதனுள்ளேதான் இருக்கும். அப்போது 'வேண்டாம்' என்பதை அழுத்த வேண்டும். லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணிப்பொறியை எழுப்பி, டிஸ்க்கைத் திறந்து எல்லாவற்றையும் வேறோரிடத்தில் நகலெடுக்கலாம். எடுத்த படங்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பழைய டிஸ்க்கில் கை வைக்கலாம்.