புழுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு நசுக்குங்கள்

தோட்டத்தைக் கொத்தும்போது தலை மட்டும் செம்பழுப்பாக, உடம்பு வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு ஒன்று வெளிவந்தால், ‘வேர்ப்புழு’ என்று தீர்ப்பெழுதி உடனே நசுக்கிவிடுவதுதான் பலரின் வழக்கம். அந்த நிறத்தையும் சுருளையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது என் கட்சி. வேரைக் கடிப்பதும், எருவை மக்கவைப்பதும், வண்டானபின் தென்னங்குருத்தைத் துளைப்பதும் குஞ்சுப்பருவத்தில் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் இருக்கின்றன. புழு எங்கே கிடந்தது, எப்படி நகர்கிறது, வளர்ந்தபின் எதைத் தின்னும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தபிறகு மண்வெட்டியை ஓங்கலாம்.

முதலில் கால்களைப் பாருங்கள். நெஞ்சுப் பகுதியில் ஆறு கால்கள் மட்டும் இருந்தால் வண்டினம். வயிற்றுப் பக்கத்திலும் குட்டையான சதைக்கால்கள் தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் வெட்டுப்புழு; தண்டைத் தரையோடு அறுப்பது அதன் வேலை. வண்டினம்தான் என்றால் ஒரு பலகையில் விட்டுப் பாருங்கள். பூவண்டின் புழு மல்லாந்து, கால்கள் வானத்தைப் பார்த்திருக்க, முதுகாலேயே ஊர்ந்து போகும். தலை சிறியது, கால் குட்டை, பின்பக்கம் உப்பலாக இருக்கும். வேர்ப்புழுவுக்கோ தலை பெரிது, கால்கள் நீளம். அது பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும். மல்லாந்து ஊர்வதைத் தயங்காமல் எருக்குழிக்கே திருப்பி அனுப்பலாம். அது தின்பது மக்கும் குப்பையைத்தான்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, குப்பையில் இருந்தால் நல்லது, வேரடியில் இருந்தால் கெட்டது என்று பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வேர்ப்புழுக்களும் இளம் பருவத்தில் மக்கிய பொருளைத் தின்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் காண்டாமிருக வண்டு. கட்டைவிரல் பருமனுக்கு வளரும் அதன் புழு எருக்குழியிலும் மக்கிய தென்னங்கட்டையிலும் கிடக்கும். செடியின் வேரைத் தொடாது. ஆனால் வண்டாகிப் பறந்ததும் விரியாத குருத்தைக் குடைகிறது. பிறகு விரியும் மட்டைகள் கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகளோடு வருகின்றன. புழுவாக இருக்கையில் சாது என்று அதை விட்டுவைத்தால் அடி வாங்குவது தென்னை. அக்கம்பக்கத்தில் தென்னை இருந்தால் எருவைக் கிளறிப் பொறுக்கிவிட வேண்டும்; குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் தெளிப்பதும் பலன் தரும். அது தாக்கிய புழு விறைத்துச் செத்து, மேலே பச்சைப் பூசணம் படர்ந்து கிடக்கும்.

‘எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்தை ஊற்றிவிடுவோம்’ என்பது அடுத்த வாதம். மருந்து ஆள் பார்த்துக் கொல்வதில்லை. மண்புழுவையும் நத்தை தின்னும் மின்மினிக் குஞ்சையும் சேர்த்தே அழிக்கும். வேர்ப்புழுதான் என்பதற்குச் செடியிலேயே சாட்சி உண்டு: நீர் விட்டும் வாடிய மிளகாயோ நிலக்கடலையோ இழுத்தால் எதிர்ப்பின்றிக் கையோடு வரும், சல்லிவேர் இருக்காது. அப்போதும் மண்ணைவிட மரத்தைக் கவனிப்பது சுலபம். கோடை மழை பெய்த அந்திகளில் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பிலை தின்ன வரும். கீழே துணி விரித்துக் கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டுவிட்டால், அவை முட்டையிட மண்ணுக்குத் திரும்பாது.