தெள்ளுப்பூச்சியும் கொள்ளைநோயும்

காரணமின்றிக் காரியம் இல்லை என்பது பகவான் புத்தரின் போதனை. மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு நிதானங்களின் சாரமும் அதுவே. அவ்வறிவைக் கொண்டு, நாம் வாழும் மும்பை நகர் கண்ட பெருந்துன்பம் ஒன்றை ஆராய்வோம்.

1896 செப்டம்பரில், மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் கண்டறிந்தார். தெய்வ கோபம் என்றனர் சிலர். ஏழைகளின் அழுக்கே காரணம் என்றனர் வேறு சிலர். அதிகாரிகள் வீடு புகுந்து சோதனையிட்டனர், உடைமைகளை எரித்தனர். நோயோ நிற்கவில்லை.

நோய்க்கிருமியை 1894இலேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டிருந்தார். அது எலியிலிருந்து மனிதனை அடையும் வழியை, 1898இல் கராச்சியில் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் சோதனையாற் காட்டினார். தெள்ளுப்பூச்சியே அவ்வழி. பலர் அதனை ஏற்கவில்லை. 1905இல் தொடங்கி, மும்பைப் பரேலில் ஆராய்ச்சிக் குழுவினர் செய்த சோதனைகளே ஐயத்தைப் போக்கின.

நிகழ்வது இதுதான். நோயுற்ற எலியின் குருதியைத் தெள்ளு உறிஞ்சுகிறது. கிருமிகள் அதன் உணவுக்குழாயிற் பெருகி வழியை அடைக்கின்றன. பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய குருதி கிருமியுடன் கடிவாயிலே திரும்புகிறது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதனை விட்டு நீங்குகிறது. வேறு எலி கிட்டாதபோது மனிதனைப் பற்றுகிறது. காலிற் கடியுண்டவனுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டி, கடுங்காய்ச்சல் காண்கிறது.

ஆகவே எலிகளைக் கொன்று குவிப்பது மட்டும் தீர்வாகாது. முதலில் தெள்ளை ஒழிக்காவிடில் அது மனிதரையே நாடும். தானியத்தை மூடிவைத்தல், குப்பையை அகற்றல், வளைகளை அடைத்தல் ஆகியவை எலி பெருகாமற் காப்பன. முதற் சீலத்திற்கும் இசைந்தன. எலிகள் காரணமின்றி மடிந்து கிடந்தால், வெறுங்கையால் தொடாது நகராட்சிக்கு அறிவித்தல் வேண்டும். பிளேக்கிற்கு இன்று மருந்துண்டு. காலந் தாழ்த்தலே ஆபத்து.

இன்னொன்றையும் சிந்திப்போம். அப்பிளேக்கின் விளைவாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு, பின்னர் தாதர், மாதுங்கா பகுதிகளை அகன்ற வீதிகளுடன் வகுத்தது. அருகிலுள்ள தாராவியோ நெருக்கத்திலேயே வளர்ந்தது. தெள்ளு குலம் பார்ப்பதில்லை. நெருக்கமும் குப்பையும் உள்ள இடத்தில் எலி பெருகுகிறது. அந்நிலையை மாந்தரின் பிறப்புக்கு ஏற்றிப் பழிப்பது அவிச்சை. காரணத்தை நீக்கினால் காரியம் நீங்கும். குடிநீரும் கழிவுநீர் வழியும் காற்றோட்டமும் கோரிப் பெறுதல் நம் உரிமை. நோயுற்ற அயலாருக்குப் பணிசெய்தல் நம் தம்மம்.