கைமாற்று திரும்பவில்லையா? மத்தியஸ்த சபைக்குப் போங்கள்

மன்னாரின் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ இஞ்சின் திருத்தக் கொடுத்த கைமாற்றுப் பணம் திரும்பாவிட்டால் உடனே சட்டத்தரணியைத் தேடத் தேவையில்லை. இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே போகவேண்டும். அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது.

1. எல்லைத் தொகையை முதலில் விசாரியுங்கள். அது அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. காணிப் பங்குபிரிப்பு, விவாகரத்து, அரசுடனான பிணக்கு ஆகியவை இங்கே வராது.

2. நாளைக் கடத்தாதீர்கள். எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம், கடைப்பற்றுக்கு 1 வருடம்தான் வழக்குத் தொடரும் காலம். மன்னார்க் கடைகளில் கொப்பியில் பற்றெழுதுவோர் இந்தக் கடைசிக் கணக்கையே அதிகம் கவனிக்கவேண்டும்.

3. விண்ணப்பத்தில் திகதி, தொகை, சாட்சியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். "நிறையக் காசு தரவேணும்" என்று எழுதினால் பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். நோட்டு, வங்கிச் சீட்டு, தொலைபேசிச் செய்தி எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள், மூலத்தைக் கைவிடாதீர்கள்.

4. மத்தியஸ்தரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். இரு தரப்பும் ஒவ்வொருவரைத் தெரிவார்கள். அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிந்து தலைவராக்குவார்கள்.

5. இணக்கம் வந்தால் தவணைத் திகதிகளோடு எழுதிக் கையொப்பமிட்டுப் பிரதி வாங்குங்கள். திகதியில்லாத வாக்குறுதி மறுபடி சண்டையில்தான் முடியும்.

6. எதிர்த்தரப்பு வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அதன்பின் வழக்குப் போட வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.